லினக்ஸில் பைப் (|) என்றால் என்ன? கட்டளைகளை ஏன் அதால் கோக்கிறோம்?

ஒரு கட்டளை வெளியே தள்ளுவதை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுக்கும் குறிதான் பைப். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1973இல் வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சின்ன வேலைதான் தெரியும். கோத்தால்தான் பெரிய வேலை ஆகும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமே, அதுபோலக் கோத்த கட்டளைகளும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் தரவு குவிய லினக்ஸில் வழக்கமாக 64 கிலோபைட் இடம். நிரம்பினால் முந்தைய கட்டளை காத்திருக்கும்.

எந்தக் கட்டளை முதலில் என்ற வரிசையில்தான் பலரும் சறுக்குவார்கள். 'யூனிக்' (uniq) கட்டளை அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை மட்டுமே நீக்கும். எனவே வரிகளை வரிசைப்படுத்தும் 'சார்ட்' (sort) கட்டளையை முன்னால் வைத்து 'சார்ட் | யூனிக்' (sort | uniq) என்றே எழுதுங்கள். மாற்றிப் போட்டால் இரட்டை வரிகள் தங்கிவிடும்; பிழைச் செய்திகூட வராது.

&& குறியும் பைப் மாதிரிதானே என்பார்கள். இல்லை, அது எதையும் கடத்தாது; முதல் கட்டளை பிழையின்றி முடிந்தால் மட்டும் அடுத்ததை ஓட்டும்.