கண்ணாடி டம்ளரும் அதன் நிழலும்: சிறு ஓவியப் பயிற்சி குறித்த கேள்வி பதில்

கேள்வி: நீர்வண்ணத்தில் கண்ணாடி டம்ளரைத் தீட்டும்போதெல்லாம் அது மங்கிய பிளாஸ்டிக் போலவே வருகிறது. கண்ணாடிக்கு எந்த நிறத்தைக் கலக்க வேண்டும்?

பதில்: தனி நிறம் எதையும் கலக்காதீர்கள். டம்ளர் முழுவதற்கும் ஒரு சாம்பல் பூச்சைக் கொடுத்துவிடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. கண்ணாடிப் பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடுதான் திரும்பி வருகிறது. மற்றது கடந்து போய்விடுகிறது. ஆகவே பின்னால் மஞ்சள் சுவர் இருந்தால், டம்ளரின் நடுப்பகுதியிலும் அதே மஞ்சள் ஏறக்குறைய அதே அடர்த்தியில் தொடர வேண்டும். ஓரங்களில் நம் பார்வை மிகவும் சாய்வாகப் படுவதால் பிரதிபலிப்பு கூடுகிறது. ஒளியும் வளைந்து, அறையின் வேறு மூலையிலுள்ள இருட்டையோ சன்னல் வெளிச்சத்தையோ அங்கே கொண்டுவந்து காட்டுகிறது. அந்த மெல்லிய கரும் ஓரங்களையும், தடித்த அடிப்பகுதியில் நெருங்கிக் கிடக்கும் கருமை வெண்மைத் துண்டுகளையும் கவனமாகத் தீட்டினாலே கண்ணாடி வந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் நிரப்பிய டம்ளருக்கு வேறு முறை உண்டா?

பதில்: முறை ஒன்றுதான், காட்சிதான் மாறுகிறது. சாய்ந்த கோடுகள் போட்ட துண்டு ஒன்றை டம்ளருக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மேலுள்ள வெற்றுக் கண்ணாடியில் கோடுகள் உள்ளபடியே தெரியும். தண்ணீருக்குள் அவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். உருளை வடிவ நீர் ஒரு வில்லையாகி, இடத்தையும் வலத்தையும் மாற்றிவிடுகிறது, மேல் கீழை மாற்றுவதில்லை. இதைக் கண்ணால் பார்க்காமல் ஊகித்து வரைபவர்களின் படத்தில் தண்ணீர் ஒருபோதும் தண்ணீராகத் தெரிவதில்லை.

கேள்வி: கண்ணாடியின் நிழலுக்குள் வெளிச்சத் திட்டு விழுகிறதே, அதை வரையலாமா, விட்டுவிடலாமா?

பதில்: கட்டாயம் வரையுங்கள், என் கருத்தில் இந்தப் பயிற்சியின் உயிரே அந்தத் திட்டுதான். டம்ளரும் நீரும் ஒளியை ஓரிடத்தில் குவிப்பதால், அந்த இடம் நிழலுக்கு வெளியே வெயில் விழும் மேசையைவிடக்கூடப் பிரகாசமாக இருக்கும். நீர்வண்ணத்தில் அதற்கு வெறும் தாளையே விட்டுவிட்டு, சுற்றியுள்ள மேசைக்கு ஒரு மெல்லிய பூச்சுக் கொடுங்கள். நிழலின் விளிம்பு டம்ளரின் அடியருகே கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக மென்மையாகவும் இருக்கும், ஏனெனில் சூரியன் புள்ளியன்று, வானில் அரை பாகை அகலமுள்ள வட்டு. நிழலுக்குக் கருப்பைத் தொடாமல், அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து கொள்ளுங்கள். திறந்த வெளியில் நீலம் சற்று மிகுந்திருக்கட்டும்.

கேள்வி: வடக்குச் சன்னலின் ஒளி மாறாது என்று படித்து அங்கே மேசை போட்டேன். நான் சென்னையில் இருக்கிறேன். மே மாதத்தில் வெயில் உள்ளே வருகிறது.

பதில்: அந்த அறிவுரை ஐரோப்பாவுக்கு ஏற்றது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கிறது. காலை மாலைக் கதிர்களும் வடக்கிலிருந்து சாய்ந்து வருகின்றன. அந்த மாதங்களில் சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டிக்கொள்ளுங்கள். நேர் வெயிலிலேயே வரைய விரும்பினால், தாளை அஞ்சலட்டை அளவுக்குக் குறைத்து, நிழலின் எல்லையை முதலிலேயே பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அது எவ்வளவு நகர்ந்தாலும் குறித்ததையே பின்பற்றுங்கள்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் கண்ணாடியில் மின்னும் வெள்ளைப் புள்ளியை எங்கே வைப்பது?

பதில்: அது புள்ளியன்று, சன்னலின் பிம்பம், ஆகையால் சன்னலின் வடிவம் அதற்கு உண்டு. உருண்டை வயிறுள்ள கோப்பையில் முன்பக்கத்தில் நேரான பிம்பமும், எதிர்ப்பக்க உட்சுவரில் சிறிய தலைகீழ்ப் பிம்பமும் தெரியும். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வில்லெம் க்ளாஸ் ஹேடாவின் கோப்பைகளில் சன்னல் பிம்பங்கள் எப்படி வளைகின்றன என்று பாருங்கள். டைட்டானியம் வெள்ளையை எல்லாம் காய்ந்த பிறகு, கடைசியாக, ஓரிரு இடங்களில் மட்டும் வையுங்கள்.