ஒரு நட்சத்திரத் துடுப்பாட்டக்காரர் தொடர்ந்து சொதப்பினால், அது கெட்ட காலமா, ஆள் முடிந்துவிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்குப் பிடித்த ஆட்டக்காரர் பத்துப் பன்னிரண்டு இனிங்ஸாக ஒரு அரைச்சதம் கூட அடிக்கவில்லையாம். பெயர் போடவில்லை, போட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். என் கணிப்பு இந்த விஷயத்தில் கனதரம் பிழையாய்ப் போயிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கிரிக்கெட்டை முதலில் கேட்டவன், பிறகுதான் பார்த்தவன். 1996இல் இலங்கையின் வடக்கில், வன்னியில், எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. போர்க்காலம், பற்றரிக்குத் தடை, எங்காவது கிடைத்தாலும் ஆனை விலை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலை ஆள் மாறி ஆள் கையால் சுற்றுவோம். சுற்றுகிறவன் களைத்தால் லாகூரில் வர்ணனை சொல்கிறவரின் குரலும் களைத்துப் போகும். உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் எங்கள் இலங்கை அணியின் சனத் ஜயசூரிய 9 ஓட்டத்தில் ரன் அவுட் ஆனபோது பெடல் என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு அன்று என்னைத் தொடவே விடவில்லை. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ரேடியோவில் எண்தான் வரும். 9, 4, 0, 12 என்று நாலு தரம் கேட்டால் ‘ஆள் முடிஞ்சுது’ என்று எழுதிவிடுவோம். எப்படி அவுட் ஆனார், கால் எங்கே இருந்தது, பந்து என்ன செய்தது, ஒன்றும் தெரியாது. இப்போது கையில் போன் இருக்கிறது, ஒவ்வொரு பந்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆனாலும் பாதிப்பேர் இன்னும் எண்ணை மட்டும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அதே ஜயசூரிய 2006 ஏப்ரலில் டெஸ்டிலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். வயது 37 ஆகப் போகிறது, போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தெரிவாளர்கள் திரும்பக் கூப்பிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஜூலை 1ஆம் திகதி, பிறந்தநாளுக்கு மறுநாள், லீட்ஸில் 99 பந்தில் 152. உப்புல் தரங்கவோடு முதல் விக்கெட்டுக்கு 286. 322 என்ற இலக்கை 37.3 ஓவரில் முடித்தார்கள். ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். ஓஃப் பக்கம் அகலமாக வந்த பந்துகள் அவர் பாட்டுக்குப் பொயின்ற்றில் நிற்கிற களத்தடுப்பாளருக்கு மேலால் போய்க்கொண்டிருந்தன. கண்ணும் கையும் அப்படியே இருந்தன. 2008 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியிலும் இந்தியாவுக்கு எதிராக 125 அடித்தார், அப்போது 39 வயது.

சரி, நான் எதைப் பார்க்கிறேன்?

எனக்குப் பரந்தனில் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது, தண்ணி இறைக்கிற மிசின் திருத்துவது. ‘தண்ணி இழுக்குதில்லை, மிசின் முடிஞ்சுது போல’ என்றுதான் எல்லாரும் கொண்டுவருவார்கள். பாதி மிசினில் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் ஒரு குப்பை சிக்கியிருக்கும், அல்லது குழாயில் காற்று இழுக்கும். பத்து நிமிச வேலை. ஆனால் சிலதில் ஸ்ராட் பண்ணுகிற கயிற்றை இழுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். எதிர்த்து இழுக்க வேண்டிய கயிறு இலேசாக வரும். எஞ்சினுக்குள் றிங் தேய்ந்து கொம்பிறசன், அதாவது உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம், போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு மிசினும் வயலில் ஒரே மாதிரித்தான் நிற்கும்.

துடுப்பாட்டக்காரரில் அந்தக் கயிறு எது என்றால், நேராக வருகிற பந்து. வெளியே போகிற நல்ல பந்தில் விளிம்பு பட்டு அவுட் ஆவது யாருக்கும் நடக்கும். முன்பு காலடியிலிருந்து தட்டி நாலு எடுத்த பந்து இப்போது கால்காப்பில் படுகிறதா? எழும்பி வருகிற பந்துக்குப் புல் ஷொட் அடித்தால் துடுப்பின் மேல் விளிம்பில் பட்டு எழும்புகிறதா? பந்து வீசுகிறவரின் கையை விட்டு வர முன்னமே முன்காலை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாரா? கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய அடையாளம். கண்ணில் நம்பிக்கை குறைந்தவன்தான் முன்கூட்டியே முடிவெடுப்பான்.

இந்தியாவின் விராட் கோலியில்தான் எனக்கு அடி விழுந்தது. 2019 நவம்பரில் கொல்கத்தாவில் 136 அடித்த பிறகு இரண்டே முக்கால் வருசம் சர்வதேச சதம் இல்லை. 2022 ஆடியில் ‘இவர் இனி இல்லை’ என்று மருமகனோடு கொத்துரொட்டிக்குப் பந்தயம் கட்டினேன். செப்டெம்பர் 8ஆம் திகதி துபாயில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 122. அந்த ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்ததால் கொத்து வாங்கிக் கொடுத்தது அவ்வளவாக நோகவில்லை. அடுத்த வருசம் ஒரே உலகக் கிண்ணத்தில் 765 ஓட்டம் வேறு. சதம் என்ற ஒரு எண்ணை மட்டும் பார்த்ததுதான் என் பிழை. அந்த இடைவெளியில் அரைச்சதங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. 2022 ஜனவரியில் கேப் டவுனில் அடித்த 79இல், வெளியே போகிற பந்துகளை எவ்வளவு பொறுமையாக விட்டார் என்பதைக் கவனித்திருந்தால் பந்தயமே கட்டியிருக்கமாட்டேன்.

இன்னொன்று. கோலி 2014இல் இங்கிலாந்தில் 10 இனிங்ஸில் 134 ஓட்டம், அந்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் அண்டர்சனிடம் நாலு தரம் விக்கெட். 2018இல் திரும்பப் போய் 593. அந்தத் தொடரில் அண்டர்சனால் ஒரு தரம் கூட அவரை வீழ்த்த முடியவில்லை. ஒரே விதமாக அவுட் ஆவது இளம் வயதில் வீட்டுப்பாடம் மாதிரி, செய்து முடித்தால் சரி. ஆனால் 2024–25 அவுஸ்திரேலியத் தொடரைப் பாருங்கோ. பேர்த்தில் ஒரு சதம் அடித்தார். எட்டுத் தரம் அவுட், எட்டும் வெளியே போகிற பந்தில் விளிம்பு பட்டு, விக்கெட் கீப்பரிடமோ அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஸ்லிப்பிடமோ பிடி. நோய் தெரிந்த மனிசன், மருந்தும் தெரிந்த மனிசன், ஆனாலும் கை அந்தப் பந்துக்குப் போகிறது. 36 வயதில் அது வேறு கதை. 2025 மே மாதம் டெஸ்டை விட்டார். ஆனால் அதே வருசம் பெப்ரவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒருநாள் போட்டியில் சதம் அடித்திருந்தாரே! ஒருநாள் போட்டியின் வெள்ளைப் பந்து கொஞ்ச ஓவருக்குத்தான் வளையும், ஸ்லிப்பும் விலகிவிடும். ஒரு வடிவத்தில் முடிந்தவர் இன்னொன்றில் முடியவில்லை. அதனால் ‘முடிந்தாரா’ என்று கேட்டால் ‘எதில்’ என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பந்துவீச்சாளர் பாடு வேறு. இலங்கையின் லசித் மாலிங்கவின் வேகம் போனது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் 36 வயதில், 2019 செப்டெம்பரில், பல்லேகலவில் நியூசிலாந்தின் நாலு பேரை நாலு பந்தில் எடுத்தார். காலடியில் விழுகிற அந்த யோக்கர் பந்து அவரோடேயே இருந்தது.

இப்போது என் அளவுகோலையே கவிழ்த்த ஒரு கதை. எங்கள் ஊர் மென்பந்து அணியில் ஒரு அண்ணை, பதினைந்து வருசம் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர். விசுவமடுப் பக்கம் ஒரு சுற்றுப்போட்டியில் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் போட்ட நேர்ப் பந்துக்குத் துடுப்பை இறக்க முன்னமே ஸ்டம்ப் பறந்தது. அடுத்த மட்சிலும் அப்படியே. நான் பக்கத்தில் இருந்தவனிடம் ‘றிங் போயிட்டுது’ என்றேன். இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்கில் பார்த்தால் அவருக்கு இரத்தத்தில் சீனி கண்டபடி ஏறியிருந்தது, கண் மங்கலும் அதனால்தான். மருந்து எடுத்து, பிறகு கண்ணாடியும் போட்டு, அதற்குப் பின் இரண்டு வருசம் அடித்தார். இடையில் என்னைக் கண்டால் ‘என்ன மெக்கானிக், றிங் எப்பிடி?’ என்று கேட்பார். கடைசியில் அவரை நிறுத்தியது முழங்கால்.

ஆகவே தம்பி, உங்கள் ஆளின் அடுத்த மூன்று இனிங்ஸின் முதல் இருபது பந்தை ஸ்கோரை மறைத்துவிட்டுப் பாருங்கோ. காலையும், நேர்ப் பந்தையும் மட்டும். காயம் ஏதும் மறைத்துக்கொண்டு ஆடுகிறாரா என்றும் ஒரு கண் வையுங்கோ. பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கோ, பேசுவோம். பந்தயம் மட்டும் வேண்டாம், கொத்து இப்போது விற்கிற விலைக்கு.