பஞ்சரான பிறகும் ஓடும் டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் பராமரிப்பு தொடர்பாக வந்த கடிதங்களில் இம்முறை ‘ரன்-ஃபிளாட்’ டயர்களைப் பற்றியவை மிகுதி. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். டிக்கியில் ஸ்டெப்னி வைக்க இடமே இல்லை. “இது ரன்-ஃபிளாட் டயர், பஞ்சரே ஆகாது” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பஞ்சர் ஆகும். மற்ற டயர்களைப் போலவே இதிலும் ஆணி ஏறும், காற்று இறங்கும். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சாதாரண டயரில் காரின் எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. அது வெளியேறியதும் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி, சிறிது தூரத்திலேயே சிதைந்துவிடுகிறது. ரன்-ஃபிளாட் டயரிலோ பக்கச்சுவரின் உட்புறத்தில், வெப்பத்தைத் தாங்கக்கூடிய கெட்டியான ரப்பர் பிறை வடிவில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. காற்று முழுவதும் போன பின்னும் அந்தச் சுவரே எடையைத் தாங்கி நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த ரப்பர் வளைந்து நிமிர்வதால் அது சூடேறிக்கொண்டே போகும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வரம்பு வைத்திருப்பதற்கு அந்தச் சூடுதான் காரணம். கார் நிறையச் சுமை ஏற்றியிருந்தால் அந்தத் தூரம் குறையும். உங்கள் காரின் கையேட்டில் இதைவிடக் குறைந்த எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இந்த டயரின் சிறப்பிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. சுவர் விறைப்பாக நிற்பதால், காற்று இறங்கியதை வெளியிலிருந்து பார்த்தும் கண்டுகொள்ள முடியாது, ஓட்டும்போது கையிலும் எளிதில் உணர முடியாது. எனவே காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவி இல்லாத காரில் இதைப் பொருத்தவே கூடாது. நீங்கள் பார்க்கும் காரில் சாவியைத் திருப்பியதும் அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லையென்றாலும், எரிந்தது அணையவில்லையென்றாலும், பழுது இருக்கிறது என்று பொருள். டயரின் பக்கத்தில் உள்ள தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு டயர்களும் பழையவையாக இருந்தால், சாதாரண டயரைவிட விலை கூடிய நான்கு டயர்களை விரைவிலேயே வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: டயரைப் பார்த்தே இது ரன்-ஃபிளாட் என்று தெரிந்துகொள்வது எப்படி?

பதில்: அளவைக் குறிக்கும் வரிசையில், 225/45 ஆர்.எஃப் 17 என்பதைப் போல, ‘ஆர்’ எழுத்துடன் ‘எஃப்’ சேர்ந்து வரலாம். இதைத் தவிர ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சுருக்கத்தையும் பொறிக்கிறது: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.எஃப்.டி என்றும், மிஷ்லின் இசட்.பி என்றும், குட்இயர் ஆர்.ஓ.எஃப் என்றும், கான்டினென்டல் எஸ்.எஸ்.ஆர் என்றும் குறிக்கின்றன.

கேள்வி: எங்கள் காரில் தொடக்கத்திலிருந்தே ரன்-ஃபிளாட் டயர்கள்தான். சிறு பள்ளத்தில் இறங்கினாலும் அதிர்ச்சி முதுகெலும்பு வரை ஏறுகிறது. என் மனைவிக்கு முதுகுவலி உண்டு. நான்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போடலாமா?

பதில்: போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள்; ஆனால் அதற்கு முன் அதிர்ச்சிக்குக் காரணம் ரன்-ஃபிளாட் மட்டும்தானா என்று பார்த்துவிட வேண்டும். இத்தகைய கார்கள் பலவற்றில் டயரின் பக்கச்சுவர் உயரமே மிகக் குறைவாக இருக்கும். அளவில் 45, 40 என்று வரும் எண், டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டுவது. அது குறையக் குறைய, பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள டயரில் இருக்கும் ரப்பரும் காற்றும் குறைகின்றன. அதே அளவில் சாதாரண டயரைப் போட்டாலும் அந்தக் கடுமையில் ஒரு பங்கு மிஞ்சத்தான் செய்யும். அடுத்தது காற்றழுத்தம். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவைவிடக் கூடுதலாக அடைத்து ஓட்டுபவர்கள் மிகப் பலர். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் டயர்கள் தேய்ந்து மாற்றும் பருவத்தில் இருந்தால், புதிய தலைமுறை ரன்-ஃபிளாட் டயர்கள் பழையவற்றைவிட மென்மையாகச் செய்யப்படுகின்றன என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றுவது என்று முடிவெடுத்தால் நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையவற்றுக்குக் குறையக் கூடாது. கார் மென்மையாக ஓடும். சக்கரத்தின் எடை குறைவதால் எரிபொருளும் சிறிதளவு மிச்சப்படக்கூடும். திருப்பங்களில் ஸ்டியரிங்கின் உடனடித் தன்மை கொஞ்சம் மங்கியதாகத் தோன்றலாம், ஏனெனில் காரின் சஸ்பென்ஷன் விறைப்பான சுவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அன்றாடம் ஓட்டுபவர் அதைச் சில நாட்களில் மறந்துவிடுவார் என்பதே என் கருத்து.

மறக்கக் கூடாதது டிக்கியின் வெறுமை. ஸ்டெப்னியும் இல்லாமல், ரன்-ஃபிளாட்டும் இல்லாமல் புறப்படுவது மிகத் தவறான சிக்கனம். காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் ஓட்டையை அடைக்கும் திரவமும் சேர்ந்த பெட்டி, தரையைத் தொடும் பகுதியில் ஏறிய ஆணிக்கு உதவும்; பக்கச்சுவர் கிழிந்தாலோ டயர் வெடித்தாலோ அது எதற்கும் பயன்படாது. அந்தத் திரவத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு. இடம் இருந்தால், உங்கள் காருக்குப் பொருந்தும் ஒல்லியான ஸ்டெப்னி ஒன்றை, ஜாக்கியுடன், டிக்கியில் அசையாதபடி கட்டி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். டயரின் வகையை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: பஞ்சரான ரன்-ஃபிளாட் டயரைச் சரிசெய்யலாம் என்கிறார் ஒருவர், தூக்கிப் போடத்தான் வேண்டும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வது சரி? ஒன்றை மட்டும் சாதாரண டயராக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. விறைப்பு வேறுபட்ட டயர்கள் கலந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் கார் ஒருசீராக நடந்துகொள்ளாது.

பஞ்சரைப் பொறுத்தவரை, அந்த டயர் காற்றில்லாமல் ஓடியதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. ஓடியிருந்தால், பக்கச்சுவருக்குள் இருக்கும் ரப்பர் வெந்து பிளவுபட்டிருக்கலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது. உள்ளே ரப்பர் துகள்கள் உதிர்ந்து கிடந்தாலோ, சுவரில் மடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ ஐயத்துக்கே இடமில்லை, மாற்றியாக வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டீர்கள், காற்று ஓரளவுதான் இறங்கியிருக்கிறது, ஓட்டை சிறியது, அது டயரின் நடுப்பகுதியில் இருக்கிறது என்றால், சில தயாரிப்பாளர்கள் ஒருமுறை சரிசெய்ய அனுமதிக்கிறார்கள்; வேறு சிலர் எந்த நிலையிலும் அனுமதிப்பதில்லை. அனுமதி இருந்தாலும், டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறம் முழுவதையும் பார்த்து, உள்ளிருந்து ஒட்ட வேண்டும். வெளியிலிருந்தே திரியைக் குத்தி அடைத்துக் கொடுப்பவரிடம் இந்த டயரை ஒப்படைக்காதீர்கள், ஏனென்றால் பார்க்க வேண்டிய இடத்தை அவர் பார்க்கவே இல்லை. கழற்றி மாட்டுவதற்கும் விறைப்பான சுவரைக் கையாளும் வசதி கொண்ட இயந்திரம் வேண்டும்; இரும்புக் கம்பியால் நெம்பினால் டயரின் விளிம்பு கெட்டுவிடும்.

கேள்வி: என் மகள் இரவுப் பணிக்குத் தனியாகக் கார் ஓட்டிச் செல்கிறாள். சக்கரம் கழற்றி மாட்ட அவளுக்குத் தெரியாது. புதிய காருக்கு ரன்-ஃபிளாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: நிறுவனமே ரன்-ஃபிளாட் பொருத்தித் தரும் கார் என்றால், தேர்ந்தெடுங்கள். இரவில் ஆளில்லாத சாலையோரத்தில் இறங்கி நிற்க வேண்டிய தேவை இல்லாமல் வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடம் வரை ஓட்டிச் செல்ல முடிவது, விலைக்கும் கடினமான ஓட்டத்துக்கும் ஈடாகும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவள் செல்லும் தூரம் முழுவதும் அந்த 80 கிலோமீட்டருக்குள் அடங்கும் என்றால் இன்னும் நல்லது. அதற்காக எந்தக் காரிலும் இதை வாங்கி மாட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்; எச்சரிக்கைக் கருவியும் பொருத்தமான ரிம்மும் இருக்க வேண்டும்.

பக்கச்சுவரில் பெரிய கிழிசல் விழுந்தால் ரன்-ஃபிளாட்டும் கைவிட்டுவிடும் என்பதால், சாலையோர உதவிக்கான எண்ணை அவள் கைபேசியில் இப்போதே சேர்த்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பதறாமல் வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும், திடீரென்று பிரேக் பிடிக்கவோ ஸ்டியரிங்கைத் திருப்பவோ கூடாது, அந்த நேரத்தில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். மறுநாள் டயரைப் பரிசோதிப்பவர் முதலில் கேட்கப்போவது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைத்தான்.