2024-25 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து: கேளுங்க, சொல்றேன்

ஏப்ரல் 7 இரவு சான் அன்டோனியோவில் ஃப்ளோரிடா 65-63 என்று ஹூஸ்டனை வென்றதோடு சீசன் முடிந்தது. ஆண்கள் முதல் டிவிஷன் பற்றி மட்டும் கேளுங்கள். பந்தயம் கட்ட டிப்ஸ் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

பம்பரம்: சார், அலபாமா ஆட்டத்துக்கு 90 புள்ளிக்கு மேல போட்டாங்க. அவங்கதானே பெஸ்ட் அட்டாக்? ஏன் யாரும் பெரிசா பேசல?

"ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி" என்ற கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். அலபாமா ஓடிக்கொண்டே ஆடும் அணி. ஹூஸ்டனோ 30 விநாடி ஷாட் கடிகாரத்தைச் சக்கையாகப் பிழிந்துவிட்டுத்தான் எறியும். இரண்டு அணிக்கும் கையில் வரும் பந்துகளின் எண்ணிக்கையே வேறு. 100 பொசெஷனுக்கு (பந்து ஒரு அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) எத்தனை புள்ளி என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

ஸ்கோர் ஷீட் இருந்தால் நீங்களே போடலாம். எறிந்த ஷாட்கள், அதில் அட்டாக் ரீபவுண்டைக் (தன் அணி தவறவிட்ட பந்தைத் தானே திரும்பப் பிடிப்பது) கழியுங்கள், டர்ன்ஓவரைக் (எறியாமலே பந்தை இழப்பது) கூட்டுங்கள், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறி) எண்ணிக்கையில் 0.475 மடங்கைக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 58 ஷாட், 10 அட்டாக் ரீபவுண்ட், 11 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ: 58 - 10 + 11 + 9.5 = 68.5. அந்த அணி 75 புள்ளி எடுத்திருந்தால் 100 பொசெஷனுக்கு 109.5. பலர் ரீபவுண்டைக் கழிக்க மறந்துவிடுவார்கள். அப்போது பொசெஷன் கணக்கு வீங்கி, தவறிய பந்தை விடாமல் பிடிக்கும் ஃப்ளோரிடா, ஹூஸ்டன் மாதிரி அணிகள் சோம்பேறி அட்டாக் போலத் தெரியும். ஃப்ரீ த்ரோவை ஏன் பாதியாக்காமல் 0.475 என்றால், கூடை விழுந்த பிறகு கிடைக்கும் கூடுதல் ஒரு த்ரோவுக்குத் தனிப் பொசெஷன் கிடையாது.

அலபாமாவின் அட்டாக் நல்லதுதான், ஆனால் மூன்று-புள்ளியையே நம்பி நிற்பது. தேசியப் போட்டியில் பிஒய்யு-வை (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) 113-88 என்று அடித்த ஆட்டத்தில் 25 மூன்று-புள்ளி, போட்டியின் சாதனை. அடுத்த ஆட்டத்திலேயே டியூக்கிடம் 65-85. என் வரிசை: சீசன் முழுக்க டியூக், கடைசி மூன்று வாரம் ஃப்ளோரிடா.

ஆறேமுக்கால் அடி: சீசனின் சிறந்த வீரர் டியூக் கூப்பர் ஃப்ளாக்கா, ஆபர்ன் ஜொனை ப்ரூமா? யாருக்கு ஓட்டு?

ஃப்ளாக். சராசரி 19.2 புள்ளி, 7.5 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட். ப்ரூமுக்கு 18.6, 10.8, 2.9. ரீபவுண்டில் ப்ரூம்தான் கில்லாடி, இடது கை ஹூக்கும் அழகு. ஆனால் ஃப்ளாக் கார்டையும் (பந்தை நடத்தும் சிறிய வீரர்) காப்பார், சென்டரையும் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) காப்பார். அதுவும் 18 வயதில். நோட்டர் டேமுக்கு எதிரான 42 புள்ளியை மட்டும் வைத்து வாதாட வராதீர்கள். ஒரு ஆட்டம் ஒரு ஆட்டம்தான்.

விசில்: ரட்கர்ஸ்ல டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி ரெண்டு பேரும் இருந்தும் 15 வெற்றி, 17 தோல்வியா?

இரண்டு பேர் அட்டாக், ஐந்து பேர் டிஃபென்ஸ்.

கோச் தம்பி: அண்ணே, ஹூஸ்டன் டிஃபென்ஸை எங்க காலேஜ் டீமுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும், மூச்சு இருந்தால். பந்து வைத்திருப்பவருக்கு ஸ்க்ரீன் (அவரைக் காப்பவரை ஒரு சக வீரர் மறித்து நிற்பது) வந்ததும், ஸ்க்ரீன் போட்டவரைக் காக்கும் பெரிய பையன் துள்ளி வெளியே வந்து, கார்டோடு சேர்ந்து பந்தை மூடுகிறான். மீதி மூன்று பேர் நான்கு பேரைச் சமாளிக்க வேண்டும். ஒருவன் கூடைக்கு அடியில், இருவர் பாஸ் வரும் பாதையில். பந்து போஸ்ட்டுக்குள் (கூடைக்கு அருகிலுள்ள இடம்) போனால் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக் கோடு) பக்கத்திலிருந்து இரண்டாவது ஆள் பாய்வான்.

தப்பு நடக்கும் இடம் ஒன்றுதான்: பெரிய பையன் அரை மனதோடு வெளியே வருவது. அவனுக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு முழங்கை இடைவெளி இருந்தாலும் பந்து வைத்திருப்பவன் பிளந்துகொண்டு போய்விடுவான். எதிரணியின் மருந்தையும் தெரிந்து வையுங்கள்: ஸ்க்ரீன் போட்டவன் கூடை வரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பந்தை வாங்குவான். உடனே நாலுக்கு மூன்று.

நீலச் சட்டை: அரையிறுதியில டியூக்கை நடுவர்தானே தோற்கடிச்சார்? ஃப்ளாக் மேல போட்ட அந்த ஃபவுல்!

வந்தாச்சு. கடைசி 35 விநாடியில் ஹூஸ்டனுக்கு எதிராக டியூக் 67-61 முன்னிலை. ஹூஸ்டனின் ஷார்ப் மூன்று-புள்ளி. அடுத்து டியூக் பந்தை உள்ளே போடும்போது ஹூஸ்டனின் வில்சன் பறித்தார், அவர் எறிந்தது தவற, சக வீரர் டக்லர் டங்க் செய்தார். 67-66. டியூக்கின் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். ரீபவுண்டில் ஃப்ளாக் ஹூஸ்டனின் ராபர்ட்ஸ் முதுகில் ஏறினார். ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். முடிவில் ஹூஸ்டன் 70-67.

ஃபவுல் மெல்லியது, ஆனால் ஃபவுல்தான். உள்ளே நிற்பவனின் இடத்தை எடுத்தாகிவிட்டது.

கூகர் வால்: ஃப்ளாக் கடைசி ஷாட்டைத் தவறவிட்டதுதான் காரணம்.

இல்லை. திரும்பி எறியும் அந்த ஷாட் அவருக்குப் பழக்கமானது, நல்ல தூரம். திரும்ப வந்தாலும் அதையே எறிய வேண்டும்.

நீலச் சட்டை: அப்ப ப்ராக்டரா?

அவருக்குக் கிடைத்தது ஒன்-அண்ட்-ஒன், அதாவது முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது. 70 சதவீதம் போடும் ஆளுக்கு இதில் சராசரி 1.19 புள்ளி. இரண்டும் உறுதியான த்ரோ என்றால் 1.4. வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 30 சதவீதம், இரண்டு த்ரோ என்றால் 9. விதியே கொடூரமானது. ஓட்டை அதற்கு முன்னாலேயே இருந்தது. எதிரணி கூடை போட்ட பிறகு பந்தை உள்ளே போடுபவர் பேஸ்லைன் முழுக்க ஓடலாம். நின்ற இடத்தில் ஐந்து விநாடி விழி பிதுங்கத் தேவையில்லை. 14 புள்ளி முன்னிலையைக் கரைத்தது பயம், விசில் இல்லை.

மஞ்ச கார்டு: அந்த ஃபவுல் சரிதானா சார்?

மேலே படியுங்கள்.

டீக்கடை: இறுதி ஆட்டத்தில் ஷார்ப் கையில் பந்து கிடந்தும் ஏன் எடுக்கல? தூங்கிட்டாரா?

இல்லை, சமயோசிதம். ஹூஸ்டன் 2 புள்ளி பின்னால். மூன்று-புள்ளிக்காக எழும்பினார், எதிரே ஃப்ளோரிடாவின் க்ளேட்டன் பாய்ந்து வந்து கையை நீட்டினார். எறிந்தால் தடுக்கப்படும், பந்தோடு தரை இறங்கினால் டிராவல் (பந்தைத் தட்டாமல் நகரும் விதிமீறல்). அதனால் பந்தைக் கீழே விட்டார். விட்ட பிறகு தானே முதலில் தொட்டாலும் டிராவல். வேறொரு ஹூஸ்டன்காரர் எடுக்க வேண்டும் என்று பந்தைப் பார்த்தபடியே நின்றார். ஃப்ளோரிடாவின் காண்டன் குப்புற விழுந்து அணைத்துக்கொண்டார். க்ளேட்டன் முதல் பாதியில் பூஜ்யம், மொத்தம் 11 புள்ளி. ஆனால் கோப்பை அந்த ஒரு நீட்டிய கையில்தான்.

கணக்குப்பிள்ளை: எஸ்இசி (தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு) லீக்கிலிருந்து 14 அணி தேசியப் போட்டிக்கு, அது அரசியலா?

16-ல் 14, சாதனை. பழைய சாதனை 2011-ல் பிக் ஈஸ்ட் என்ற இன்னொரு லீக்கின் 11. கடைசி நான்கில் ஆபர்ன், ஃப்ளோரிடா இரண்டும் எஸ்இசி. அரசியல் இவ்வளவு தூரம் வராது.

மாலதி அக்கா ரசிகை: பெண்கள் பிரிவு பற்றி?

யூகான் 82-59 என்று சவுத் கரோலைனாவை வென்றது, அவர்களின் 12-வது பட்டம். அந்த அணியின் பெய்ஜ் பூக்கர்ஸ் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும், அதற்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீலச் சட்டை: ரீப்ளே பார்த்தேன். ராபர்ட்ஸ்தான் பின்னால சாய்ஞ்சார்.

தம்பி, ஃப்ளாக்கின் முன்கையைப் பாருங்கள், ராபர்ட்ஸ் முதுகை அல்ல.