ஆலிவ் எண்ணெய் ‘தரம் குறைந்தது’ என்று அறிக்கை: இத்தாலிக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் இயற்கை உணவுப் பொருட்கள் விற்கிறேன். இத்தாலியின் புலியா பகுதியில் நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் ஆலிவ் தோட்டத்துக்கு நேரில் போய், அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எல்லாம் பார்த்த பிறகுதான் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய்க்கு ஒப்பந்தம் போட்டேன். அரை லிட்டர் பாட்டில் 1,200 ரூபாய். பாதிப் பணம் கொடுத்தாயிற்று. ஐந்து மாதம் கழித்து ஒரு கடையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தார். ‘தரம் குறைந்தது’ என்று அறிக்கை வந்துவிட்டது. அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘என் பேரனுக்குக் கொடுப்பதையே உனக்கும் கொடுக்கிறேன்’ என்றார். இப்படி ஏமாற்றிவிட்டாரே! போட்டியாளர் ஒருவர்தான் அதிகாரியைத் தூண்டிவிட்டார் என்றும் சந்தேகம். மோசடி வழக்கு போடலாமா? மீதிப் பணத்தைத் தராமல் நிறுத்தலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது நீங்கள் இணைத்திருக்கும் அறிக்கையில் உள்ள இரண்டு எண்கள். அமிலத்தன்மை 0.5 சதவீதம், பெராக்சைடு எண் (எண்ணெய் எவ்வளவு காறத் தொடங்கியிருக்கிறது என்று காட்டும் அளவு) 24. எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு அமிலத்தன்மை 0.8ஐத் தாண்டக் கூடாது, பெராக்சைடு 20ஐத் தாண்டக் கூடாது. முதல் எண்ணில் தேறியிருக்கிறீர்கள், இரண்டாவதில் தவறியிருக்கிறீர்கள்.

இந்த வித்தியாசம்தான் உங்கள் வழக்கு முழுவதும். பழம் அடிபட்டிருந்தாலோ, பறித்துக் குவித்து வைத்துத் தாமதமாக ஆட்டியிருந்தாலோ அமிலத்தன்மை ஏறும். மூடிய பாட்டிலுக்குள் அது அவ்வளவாக நகராது. பெராக்சைடு அப்படியல்ல, வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் ஏறும். அதாவது தோட்டத்தில் நடந்த வேலை சரியாகவே நடந்திருக்கிறது. கெட்டது அதற்குப் பிறகு. தூத்துக்குடியில் இறக்கியபோது எடுத்த மாதிரி தேறி, தடையில்லாச் சான்றிதழ் கிடைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளும் அதையேதான் சொல்கிறது. பெரியவர் உங்களை ஏமாற்றவில்லை.

போட்டியாளர் தூண்டிவிட்டாரா என்பதை விட்டுவிடுங்கள். யார் சொல்லி மாதிரி எடுத்தாலும் எண் மாறாது.

இனி நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன இரண்டு விஷயம். கடிதத்தின் நான்காம் பக்கத்தில், ‘பச்சை நிறம் தெரியட்டும் என்று வெள்ளைக் கண்ணாடி பாட்டில் கேட்டேன், அவர்கள் முதலில் மறுத்தார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த மறுப்பு மின்னஞ்சல் அவர்களிடம் பத்திரமாக இருக்கும். அடுத்தது, நீங்கள் அனுப்பிய பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சமும் சூடும் படாமல் வைக்க வேண்டும் என்ற குறிப்பு ஐரோப்பியச் சட்டப்படி லேபிளில் கட்டாயம். அந்த வரியின் மேலேயே உங்கள் இறக்குமதியாளர் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறீர்கள். கடைக்காரருக்கு அது கண்ணில் படவே வழியில்லை. அவர் மேற்குப் பார்த்த கண்ணாடி அலமாரியில், விளக்குக்குக் கீழே அடுக்கி வைத்துவிட்டார்.

இந்த நிலையில் மோசடிப் புகார் நிற்காது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் கையில் இருக்கும் சான்றிதழே அதற்கு எதிர்ச் சாட்சி. வணிகத் தகராறுக்குக் குற்ற வழக்கின் சாயம் பூசக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ தீர்ப்புகளில் சொல்லிவிட்டது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. அறிக்கை வந்த மறுநாள் நீங்கள் இத்தாலிக்கு அனுப்பிய மின்னஞ்சல். ‘நீங்கள் அனுப்பிய சரக்கு முழுவதும் கெட்டுப்போனது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் இருப்பில் இருந்து விற்பனை நடக்கிறது என்றும் சொல்கிறீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 49ஆம் பிரிவின்படி, அபராதத் தொகையை முடிவு செய்யும்போது தவறு தெரியாமல் நடந்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா, அதில் எவ்வளவு லாபம் பார்த்தீர்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். அந்த மின்னஞ்சல் போன நாளிலிருந்து ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல முடியாது. விற்கும் ஒவ்வொரு பாட்டிலும் தெரிந்தே விற்றது.

இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நெய் வியாபாரி ஒருவர் அறிக்கை வந்ததும் பயந்துபோய், மீதி இருப்பை ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று தள்ளிவிட்டார். மூன்றாவது வாரம் இரண்டாவது மாதிரி எடுத்தார்கள். முதல் அறிக்கைக்குச் சொல்ல அவரிடம் நல்ல காரணம் இருந்தது. இரண்டாவதற்கு அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அதனால் இன்றைக்கே விற்பனையை நிறுத்துங்கள், கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுங்கள், எடுத்ததற்குக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். குடோனில் இருட்டில் பெட்டிக்குள்ளேயே இருந்த பாட்டில்களை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். தேறினால், அபராதத்தை முடிவு செய்யும் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) முன்னால் அந்த அறிக்கை பெரிய பலம்.

அதே சட்டத்தின் 46(4)இன் கீழ், ஆய்வக அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. என் கருத்து, செய்யாதீர்கள். மேல்முறையீட்டில் மேல் ஆய்வகத்துக்குப் போவது அன்று எடுத்த மாதிரியில் நியமன அலுவலரிடம் (உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அதிகாரி) இருக்கும் மீதிப் பகுதிகள். அவையும் அதே கண்ணாடி அலமாரியில் இருந்து வந்தவைதான். மேல் ஆய்வகத்தில் வேறு முடிவு வர என்ன காரணம் இருக்கிறது? அங்கே யாராவது முகர்ந்து பார்த்து, காறல் வாடை என்று எழுதி, ‘பாதுகாப்பற்றது’ என்று முடித்துவிட்டால் கதையே வேறு. ‘தரம் குறைந்தது’ என்றால் 51ஆம் பிரிவு. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதோடு முடிந்தது. ‘பாதுகாப்பற்றது’ என்றால் 59ஆம் பிரிவு, குற்றவியல் நீதிமன்றம், சிறை வரை போகும். மேல் ஆய்வகத்தின் முடிவே இறுதியானது என்பதையும் மறக்க வேண்டாம். மேல்முறையீடு செய்யாவிட்டால் அறிக்கையை ஏற்றுக்கொண்டதாக ஆகும். ஆகட்டும். தொகையைக் குறைக்க வாதாடுவோம்.

மீதிப் பணம். ஒப்பந்தத்தில் இத்தாலியச் சட்டம், மிலானில் நடுவர் தீர்ப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சரக்கு எஃப்.ஓ.பி.; கப்பலில் ஏறிய பிறகு வரும் கேடு உங்கள் பொறுப்பு. அங்கே வரும் தீர்ப்பு 1958 நியூயார்க் உடன்படிக்கைப்படி இங்கேயே நிறைவேற்றத்தக்கது. 1996 நடுவர் சட்டத்தில் அதைத் தடுக்க உள்ள வழிகள் மிகக் குறுகல். நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது 5,400 யூரோ. மிலானில் வக்கீல் வைத்தால் அதைவிட அதிகம் ஆகும், அதுவும் தோற்கப்போகிற வழக்குக்கு.

சமரசமாகப் போங்கள். கெட்டுப்போன சரக்கு என்று எழுதியது அவசரத்தில் எழுதியது, இறக்குமதியின்போது சரக்கு தேறியிருந்தது என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அது உண்மை, இங்கே உங்களுக்கும் உதவும். மீதியை இரண்டு தவணையில் தருவதாகச் சொல்லி, அடுத்த சரக்கில் விலைக் குறைப்பு கேளுங்கள். அடுத்த முறை கறுப்புக் கண்ணாடி அல்லது தகர டின். அனுப்பும் முன் வரைவை எனக்குக் காட்டுங்கள்.