நாலு பேர், ஏழு பேர், பதினோரு பேர்

கேள்வி: மாமா, மெரினா பீச்சில் நாலு பேர் பாறையைத் தள்ளுகிற சிலையைச் செதுக்கியவர் யார்? அவங்க நிஜ ஆளுங்களா?
(ஐந்தாம் வகுப்பு மாணவி, திருவல்லிக்கேணி)

பதில்: அந்த வெண்கல உழைப்பாளர் சிலையைச் செய்தவர் பெயர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. ஊர் ரங்பூர், இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. 1899-ல் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் கற்றுக்கொண்டது வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம். அப்புறம் சென்னைக்கு வந்து, அதுவரை வெள்ளைக்காரர்களே தலைமையில் இருந்த ஓவியப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராகி, கிட்டத்தட்ட முப்பது வருஷம் இங்கேயே இருந்துவிட்டார். எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி தான் அந்தப் பள்ளி.

மனிதர் சும்மா தூரிகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காள மொழியில் கதையும் எழுதுவார். எனக்கென்னவோ அந்தக் குஸ்தி தான் சிலையில் தெரிகிறது. அடுத்த தடவை போகும்போது முகத்தைப் பார்க்காதே, முதுகையும் கெண்டைக்காலையும் பார். ஒருவன் மூச்சைப் பிடித்துப் பாரத்தைத் தள்ளும்போது எந்தத் தசை எங்கே புடைக்கும் என்பது, தானே அப்படித் தள்ளிப் பார்த்தவருக்குத்தானே தெரியும்?

நிஜ ஆளுங்களா என்று கேட்டாய். அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளியை நிற்கவைத்துப் பார்த்துச் செய்தார் என்று சொல்வார்கள். 1959 குடியரசு தினத்துக்கு முதல் நாள் சிலையைக் கடற்கரையில் வைத்தார்கள். ராஜா இல்லை, தலைவர் இல்லை, கோவணம் கட்டின நாலு பேர்! இந்தியாவிலேயே முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான், அதனால் இடமும் பொருத்தம்.

கேள்வி: வெண்கலம் கெட்டியாச்சே, அதை எப்படி வளைத்தார்?
(அதே மாணவியின் தம்பி, மூன்றாம் வகுப்பு)

பதில்: வளைக்கவும் இல்லை தம்பி, உன் அக்கா சொன்ன மாதிரி செதுக்கவும் இல்லை. செதுக்குவது கல்லில். மூக்கில் ஒரு சில்லு அதிகமாகப் போனால் போனதுதான், ஒட்டவைக்க முடியாது. இவர் வேலை செய்தது களிமண்ணில், பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையார் பிடிக்கிறார்களே, அது மாதிரி. பிடிக்கலையா, வழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் அப்பலாம்.

மண் உருவம் சரியாக வந்ததும் அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் மெழுகைப் பூசி, உள்ளேயும் வெளியேயும் சூடு தாங்குகிற மண்ணை வைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த அந்த இடைவெளியில், கிட்டத்தட்ட 1,000 டிகிரியில் கூழாக உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறினதும் மண்ணை உடைத்து எடுத்தால் சிலை. இந்த மாதிரிப் பெரிய வெண்கலச் சிலைகள் உள்ளே காலியாகத்தான் இருக்கும், முட்டை ஓடு மாதிரி! முழுசும் கெட்டியாக வார்த்தால் தூக்க முடியாது, ஆறும்போது விரிசலும் விட்டுவிடும். சுவாமிமலை ஸ்தபதிகள் மண்ணுக்குப் பதில் மெழுகிலேயே உருவம் செய்து, காவிரி வண்டலை அதன்மேல் பூசி வார்ப்பார்கள். சின்ன விக்கிரகங்களைக் கெட்டியாகவே வார்த்துவிடுவதும் உண்டு.

கேள்வி: அவர் வேறு என்ன சிலை செய்தார்?
(எட்டாம் வகுப்பு மாணவன், சேலம்)

பதில்: மெரினாவில் கைத்தடியோடு நடக்கிற காந்தியும் இவர் செய்ததுதான். பாட்னாவில் ஏழு பேர் சிலை. 1942 ஆகஸ்ட் 11-ல் தலைமைச் செயலகத்தில் கொடி ஏற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு மாணவர்கள், உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். டெல்லியில் காந்தி முன்னால் போக, பின்னால் பத்துப் பேர் நடக்கிற தண்டி யாத்திரைச் சிலை. அது முடிவதற்குள் 1975-ல் இவர் இறந்துவிட்டார், மற்றவர்கள் முடித்தார்கள்.

அந்தப் பதினோரு பேரைப் பார்க்க டெல்லிக்குத்தான் போகணும் என்றில்லை. 2016-ல் செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நோட்டு வீட்டில் எங்கேயாவது கிடக்கிறதா என்று தாத்தாவிடம் கேள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார், நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு, கடைக்காரர் அதற்கு மிட்டாய் தர மாட்டார்.