ஒட்சிசன் மெசின்: இணையத்தில் 198,000, காப்புறுதிக் கடையில் 290,000. எதை வாங்குவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

"அப்பாவுக்கு நாள்பட்ட சுவாசத்தடை நோய். போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நிமிடத்துக்கு 2 லீற்றர் அளவில் நாளுக்கு 15 மணித்தியாலம் ஒட்சிசன் கொடுக்கச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார்கள். தம்பியின் அலுவலகக் குழுக் காப்புறுதியில் அப்பாவும் இருக்கிறார். காப்புறுதிக்காரரின் பட்டியலில் உள்ள கல்முனைக் கடையில் 5 லீற்றர் மெசின் 290,000 ரூபாய். அங்கே வாங்கினால் 60 வீதம் கிடைக்கும், ஆனால் 150,000க்கு மேல் தரமாட்டார்கள். வெளியில் வாங்கினால் 30 வீதம். இணையத்தில் ஒரு மெசின் 198,000க்கு இருக்கிறது. கல்முனைக் கடை மாதம் 20,000க்கு வாடகைக்கும் தருகிறது. என்ன செய்யலாம்?"

முதலில் உங்கள் கைக்காசு எவ்வளவு போகும் என்று பாருங்கள். பட்டியல் கடையில் 290,000இன் 60 வீதம் 174,000. ஆனால் உச்சம் 150,000 என்பதால் மீதி 140,000 உங்கள் தலையில். இணையத்தில் 198,000இன் 30 வீதமான 59,400 திரும்பக் கிடைத்தால் உங்கள் பங்கு 138,600. விலையில் 92,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் இங்கே 1,400 ரூபாய்தான். இணையக்காரர் அனுப்புகூலி தனியாகக் கேட்டால் அதுவும் போய்விடும்.

பேரம் பேசுவதற்கு ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள். 250,000 ரூபாயின் 60 வீதம் சரியாக 150,000. அதற்கு மேல் கடைக்காரர் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க உங்களுடையது. 290,000ஐ 250,000க்கு இறக்கினால் அந்த 40,000 அப்படியே உங்களுக்கு மிச்சம். அதற்குக் கீழே ஆயிரம் ரூபாய் குறைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 400 மட்டுமே. இணைய விலையை அச்செடுத்துக் கொண்டு போய்க் காட்டுங்கள். அதே மொடல் என்றால் அவர் இறங்கி வர இடமிருக்கிறது.

ஆனாலும் இந்தக் கிழமை எதையுமே வாங்க வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆலோசனை. நோய் திடீரென மோசமாகி வார்ட்டில் இருந்து வந்தவருக்கு எழுதிய ஒட்சிசன், நிலைமை தணிந்த பிறகும் தேவைதானா என்று 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போது இரத்த ஒட்சிசன் அளவு 88 வீதமோ அதற்குக் கீழோ இருந்தால்தான் பொதுவாக நீண்டகால ஒட்சிசன் எழுதுவார்கள். மூன்று மாதத்தில் அதற்கு மேலே ஏறி நிற்பவர்களும் இருக்கிறார்கள். அதுவரை வாடகைக்கு எடுத்தால் மூன்று மாதத்துக்கு 60,000. பின்னர் வாங்கினால் கட்டிய வாடகையை விலையில் கழிப்பீர்களா என்று கடையில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வாடகைக்கும் பணம் தருவார்களா என்று காப்புறுதியிடம் கேளுங்கள். அதற்கிடையில் மார்பு நோய் கிளினிக்கிலும் விசாரியுங்கள். சில வேளை இரவலாகக் கொடுக்க அங்கே மெசின் இருக்கலாம். அப்பாவுக்குக் கொடுக்கும் ஒட்சிசனை நீங்களாக நிறுத்திப் பார்க்க மட்டும் வேண்டாம். அந்த முடிவு வைத்தியருடையது.

மறுபரிசோதனையிலும் தேவை என்று வந்தால், இரண்டும் ஒரே மாதிரியான மெசின்தானா என்று பாருங்கள். இணையத்தில் "1–7 லீற்றர்" என்று போட்டு விற்கும் சிறிய மெசின்கள் பலவற்றில் 1 லீற்றரில் 90 வீதத்துக்கு மேல் ஒட்சிசன் வரும், 7 லீற்றரில் 30 வீதமளவில்தான் வரும். சாதாரண காற்றிலேயே 21 வீதம் இருக்கிறது. உங்களுக்குத் தேவையானது 1 முதல் 5 லீற்றர் வரை எந்த அளவிலும் ஏறத்தாழ 93 வீதம் தரும் மெசின். தோளில் மாட்டும் சிறிய மெசினில் "5" என்று இருப்பது பெரும்பாலும் மூச்சுக்கு மூச்சு விடும் அளவின் எண். அது 5 லீற்றர் அல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மெசினைத் தொடவே வேண்டாம். ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ட்தான் மாறும், நம் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் மாறாது. கம்பிரசர் மெதுவாகச் சுழன்று, சூடேறி, ஒட்சிசன் வீதமும் இறங்கும். பெட்டியில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள்.

புதிது என்று விற்பதும் புதிதாக இல்லாமல் போகலாம். 2021இல் கொவிட் நேரம் இறக்கிய மெசின்கள் களஞ்சியத்தில் கிடந்து இப்போதும் விலைப்படலாம். மெசினுக்குள் இருந்து காற்றிலுள்ள நைதரசனைப் பிரித்தெடுக்கும் சியோலைற்று என்ற சிறு உருண்டைகள் ஈரத்தை உறிஞ்சினால் வலுவிழக்கும். கடற்கரை ஊரில் ஓடாமல் கிடந்த மெசினுக்கு அந்த ஆபத்து கூட. உற்பத்தித் திகதியையும், ஓடிய மணித்தியாலம் காட்டும் மானியையும் பாருங்கள். கடையில் 15 நிமிடம் ஓடவிட்டு, 2 லீற்றரிலும் 5 லீற்றரிலும் ஒட்சிசன் அளவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். 87 வீதத்துக்குக் கீழே காட்டினால் எடுக்காதீர்கள். இணையத்தில் வாங்கும்போது இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

உத்தரவாதத்தையும் மணித்தியாலத்தில் வாசியுங்கள். "3 வருடம் அல்லது 10,000 மணித்தியாலம், எது முந்துகிறதோ அது" என்று இருந்தால், நாளுக்கு 15 மணித்தியாலம் ஓடும் மெசினுக்கு 22 மாதத்தில் உத்தரவாதம் முடிந்துவிடும்.

பழுதானால் எங்கே கொண்டு போவது என்பதில்தான் பட்டியல் கடை மேல். இணைய விற்பனையாளரின் திருத்துமிடம் கொழும்பு என்றால், 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள மெசினை 300 கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்பிவிட்டு அப்பா எதில் மூச்சு விடுவார்? திருத்தி முடியும் வரை மாற்று மெசின் தருவோம் என்று கல்முனைக் கடை எழுத்தில் தந்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதும் நியாயமே. அதைத் தர மறுத்தால் 290,000 கொடுக்கக் காரணமே இல்லை.

மின்கட்டணமும் விலையில் சேர்த்திதான். 350 வாட் மெசின் 15 மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 5.25 அலகு, மாதம் 157 அலகு. 550 வாட் என்றால் 247 அலகு. படுவான்கரைப் பக்கம் போல மின்னழுத்தம் இறங்கும் இடமென்றால் 1,000 வீ.ஏ. ஸ்டெபிலைசர் ஒன்றும் வேண்டும்.

கனுலா (மூக்கில் மாட்டும் குழாய்), வடிகட்டி ஆகியவற்றை இணையத்தில் மலிவாகக் கண்டால் வாங்குங்கள், அதில் பெரிதாக ஆபத்தில்லை. ஈரப்பதப் போத்தல் 2 லீற்றருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மூக்கு வறண்டு சிரமப்பட்டால் மட்டும் பாருங்கள்.

காப்புறுதிக் கோரிக்கை நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் காகிதத்தால்தான். நோயின் பெயர், லீற்றர், மணித்தியாலம், இரத்த ஒட்சிசன் அளவு நான்கும் உள்ள வைத்தியர் கடிதத்தைக் கொடுத்து முன் அனுமதி எடுத்த பிறகே காசு கட்டுங்கள். பற்றுச்சீட்டில் அப்பாவின் பெயர், மொடல், தொடர் இலக்கம், கடையின் வியாபாரப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். கைபேசியில் வரும் ஓடர் செய்தியைப் பற்றுச்சீட்டாக ஏற்கமாட்டார்கள். மெசினுக்குத் தரும் 150,000 அப்பாவின் வருடாந்த வைத்தியசாலைச் செலவு வரம்பிலிருந்தா கழிகிறது என்றும் கேளுங்கள்.

மாரியில் மின்சாரம் போகும் நாளுக்கு ஒரு சிலிண்டரும் ரெகுலேற்றரும் வீட்டில் இருக்கட்டும். 10 லீற்றர் நீர்க்கொள்ளளவுள்ள சிலிண்டரை 150 பார் அழுத்தத்துக்கு நிரப்பியிருந்தால் அதில் ஏறத்தாழ 1,500 லீற்றர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்குக் காணும். அதைச் சுவரோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டி, அடுப்பிலிருந்தும் சாமி விளக்கிலிருந்தும் தள்ளி வையுங்கள்.